லா வென்டானாவில் ஒரு வாரம்: கைட்டும் சமையலும் எப்படி ஒத்துப்போகும்?

அலைவரிசை:
ஜனவரி கடைசில மெக்சிகோ போறோம். பாஹா கலிபோர்னியா சூர் மாநிலத்துல, லா பாஸுக்குத் தென்கிழக்கே இருக்கிற லா வென்டானா. டெக்சாஸ்ல ஒண்ணா கைட் (பெரிய பட்டம் இழுக்க, பலகை மேல நின்னு கடல்ல சறுக்குற விளையாட்டு) பழகின நண்பர்கள், மொத்தம் ஆறு பேர். நாலு பேர் ஓட்டுவோம். என் மனைவியும் நண்பனோட தங்கச்சியும் தண்ணில இறங்க மாட்டாங்க. அந்தத் தங்கச்சி சைவம், முட்டையும் கிடையாது. சமையலறையோட வீடு எடுத்திருக்கோம், எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடணும்ங்கிறது பயணத்தோட பாதி ஆசை. ஆனா நாலு பேர் கடல்லயும் ரெண்டு பேர் அடுப்படிலயும்னு பிரிஞ்சு போயிடுமோன்னு கவலையா இருக்கு. போயிட்டு வந்தவங்க சொல்லுங்க: காத்து எப்ப வரும், சாப்பாட்டை எப்ப வைக்கிறது, அங்க என்ன கிடைக்கும், காசை எப்படிப் பிரிக்கிறது?

பாம்பன்காத்து:
தம்பி, நான் கைட் கத்துக்கிட்டது ராமேஸ்வரத்துல. கல்யாணமாகி கலிபோர்னியா வந்தப்புறம் குளிர்காலம்னா எங்க குழுவுக்கு லா வென்டானாதான். உங்க சமையல் கேள்விக்குப் பதிலே காத்துலதான் இருக்கு, அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

குளிர்காலத்துல அமெரிக்காவோட மேற்குப் பாலைவனங்கள் மேல உயர் காத்தழுத்தம் வந்து உட்கார்ந்தா, கலிபோர்னியா வளைகுடா நெடுக வடக்கிருந்து காத்து இறங்கும். அதைத்தான் அந்த ஊர்க்காரங்க 'எல் நோர்தே' ம்பாங்க. லா வென்டானாவுக்கு எதிர்ல செரால்வோ தீவு. 2009ல அரசாங்கம் அதுக்கு ஜாக் கூஸ்தோ பேரை வச்சது, ஊர் வாயில இன்னும் செரால்வோதான். தீவுக்கும் கரைக்கும் நடுவுல காத்து நெருங்கி வேகமெடுக்கும். மதியம் கரைக்குப் பின்னால இருக்கிற கள்ளிக்காட்டு நிலம் சூடேறி, கடல்காத்தையும் இழுக்கும். ரெண்டும் சேர்ந்த நாள்ல 18லிருந்து 25 நாட் வரைக்கும் (மணிக்கு சுமார் 33லிருந்து 46 கி.மீ.) அடிக்கும். வழக்கமா 11 மணிக்கு மேல தூரத்துத் தண்ணி கருக்கும், 12 மணி வாக்குல நல்லா பிடிச்சுக்கும், சாயங்காலம் விழுந்திடும். நோர்தே பலமா இருக்கிற நாள்ல காலைலயே அடிக்கும், ராத்திரியும் கதவைத் தட்டிக்கிட்டே இருக்கும்.

இதுக்கு நடுவுல மதியச் சாப்பாடுன்னு ஒண்ணு வைக்கவே வைக்காதீங்க. வச்சா யாரோ ஒருத்தர் சோத்தை ஆக்கி வச்சுட்டு, கரைல நின்னு கடலைப் பார்த்துக்கிட்டிருக்கணும். அந்த ஒருத்தர் எப்பவும் ஓட்டாத ஆளாத்தான் இருப்பாங்க, பெரும்பாலும் ஒரு பொண்ணா இருப்பாங்க. நீங்க பயப்படுறது அதுதானே? மதியச் சாப்பாட்டை எடுத்துட்டா அந்தப் பிரிவினைல முக்கால்வாசி போயிடும். காலைல 9 மணிக்கு வயிறு நிறைய எல்லாரும் ஒண்ணா சாப்பிடுங்க. பகல்ல வாழைப்பழம், வேர்க்கடலை, தண்ணி. அவங்கவங்க பசிக்கு அவங்கவங்க. ராத்திரி 7 மணிக்கு பெரிய சாப்பாடு. அதைச் சமைக்க வேண்டியது ஓட்டினவங்கதான். ரெண்டு ரெண்டு பேரா முறை போட்டுக்கோங்க. கை வலிக்குது, தோள் வலிக்குதுன்னு யார் சொன்னாலும் முறை மாறக் கூடாது. ஓட்டாதவங்களுக்குச் சமைக்க ஆசை வந்தா தாராளமா வரட்டும், கடமையா மட்டும் அவங்க தலைல விழக் கூடாது. இதுல நான் பிடிவாதக்காரி.

மீன் விஷயம் சொல்லணும். பாங்கான்னு சொல்ற சின்னப் படகுகள்ல கடலுக்குப் போறவங்க காலைல கரை திரும்புவாங்க. 'சியர்ரா' இருக்கான்னு கேளுங்க. நம்ம வஞ்சிரத்தோட இனம்தான், துண்டம் போட்டு மிளகாத்தூள் தடவி வறுத்தா நாக்கு உடனே அடையாளம் கண்டுக்கும். அந்தப் பக்கத்து ஆட்கள் அதைச் சின்னதா நறுக்கி, எலுமிச்சைச் சாறுல ஊற வச்சு, வெங்காயம், கொத்தமல்லி, செர்ரானோ மிளகாய் போட்டு செவிச்சே பண்ணுவாங்க. அடுப்பே வேண்டாம். தண்ணிலிருந்து வெளில வந்ததும் தோஸ்தாதா, அதாவது மொறுமொறுன்னு பொரிச்ச சோள ரொட்டி மேல வச்சுக் கொடுத்தா சமையல் முடியற வரைக்கும் தாங்கும். நண்பர் தங்கச்சி இருக்காங்கல்ல, அவங்களுக்குன்னு ஒரு கத்தி, ஒரு பலகை, ஒரு சட்டி முதல் நாளே ஒதுக்கிடுங்க. அவங்க கேட்டு வாங்கற நிலை வரக் கூடாது.

ரசத்துக்குப் புளி கொண்டு போக வேண்டாம். 'டமரிண்டோ'ன்னு கேட்டா ஓட்டோட கிடைக்கும், அங்க அதைக் கரைச்சு சர்க்கரை போட்டுக் குடிக்கிறாங்க. தக்காளி, கொத்தமல்லி, பூண்டு, சீரகம் எல்லாம் உண்டு. பருப்புக்கு 'லெந்தேஹாஸ்'. பச்சைக் கருவேப்பிலை எடுத்துப் போகாதீங்க, சுங்கத்துல வம்பு. பெருங்காயமும் ரசப்பொடியும் போதும். நோர்தே அடிச்சு ஓய்ஞ்ச ராத்திரி, உப்பு படிஞ்ச முகத்தோட ஆறு பேரும் டம்ளர்ல ரசம் குடிக்கிற சுகத்தை நீங்களே அனுபவிச்சுப் பாருங்க.

காசு: முதல் நாள் எல்லாரும் சமமா பெசோ போட்டு ஒரே பர்ஸ். அரிசி, காய், பழம், தண்ணி, கேஸ் அதுலிருந்து. மீனும் பியரும் தனிக் கணக்கு, சாப்பிடுறவங்க குடிக்கிறவங்க மட்டும். சைவக்காரங்க மீனுக்குக் காசு கொடுக்கிறது நியாயமே இல்ல. குழாய்த் தண்ணி குடிக்காதீங்க, 20 லிட்டர் கேன் வாங்குங்க, 'கர்ராஃபோன்' ம்பாங்க. பெரிய சாமானெல்லாம் லா பாஸ் சூப்பர் மார்க்கெட்லயே வாங்கிட்டு வந்திடுங்க.

கரைக்காரி:
நான் ஓட்டாதவள், என் கணவர் ஓட்டுவார். பாம்பன் அக்கா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். அந்தத் தங்கைக்காகச் சில விஷயங்கள் மட்டும்.

முட்டையைவிட அதிகம் கவனிக்க வேண்டியது பன்றிக் கொழுப்பு. மசித்த பீன்ஸிலும் கோதுமை டோர்ட்டியாவிலும் (மெல்லிய ரொட்டி) பல இடங்களில் அதைச் சேர்ப்பார்கள். 'சின் மாந்தேகா' (பன்றிக் கொழுப்பு இல்லாமல்) என்று சொல்லிக் கேட்கப் பழகிக்கொள்ளட்டும். சோள டோர்ட்டியா சோளமும் சுண்ணாம்புத் தண்ணீரும் மட்டுமே, அதை நம்பிச் சாப்பிடலாம். பீன்ஸை வீட்டிலேயே வேகவைத்து, வெங்காயம் வதக்கித் தாளித்தால் காலைச் சாப்பாட்டுக்கு அதுவே போதும். நோபால் என்கிற சப்பாத்திக் கள்ளியின் மடலை முள் நீக்கியே விற்பார்கள். கொஞ்சம் வழவழப்பாக இருக்கும், வெண்டைக்காய் பிடித்தவர்களுக்கு இதுவும் பிடிக்கும்.

பகலில் செய்ய நிறைய இருக்கிறது. வடக்கே பக்கத்து ஊரான எல் சார்ஹென்டோவைத் தாண்டிக் கடற்கரையிலேயே வெந்நீர் ஊற்று உண்டு. கடல் வற்றியிருக்கும் நேரம் பார்த்துப் போய்க் கையால் மணலைத் தோண்டினால் சுடுநீர் ஊறும். காற்று இல்லாத நாள் வந்தால் அதை ஓட்டாதவர்களின் நாளாக்கிவிடுங்கள், எங்கே போவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். லா பாஸ் விரிகுடாவில் குளிர்காலத்தில் திமிங்கலச் சுறாக்கள் வரும், உரிமம் பெற்ற படகில் வழிகாட்டியோடு போய்ப் பார்க்கலாம். பலாந்திரா கடற்கரைக்கு ஒரு நேரத்தில் இத்தனை பேர் என்று வரம்பு உண்டு, சீக்கிரமே கிளம்புங்கள்.

ஒன்பதுமீட்டர்:
கைட் பத்தி ரெண்டு வரி. 75 கிலோ ஆளுக்கு 9 சதுர மீட்டர் கைட்டும் 12 சதுர மீட்டர் கைட்டும் இருந்தா பெரும்பாலான நாளைச் சமாளிக்கலாம். ஜனவரில தண்ணி 20 டிகிரிக்குப் பக்கம், நாள் முழுக்க ஓட்டணும்னா 3/2 வெட்சூட் (உடம்புல 3, கை கால்ல 2 மி.மீ. தடிமன் உள்ள, குளிர் தாங்குற நீச்சல் உடை) எடுத்துக்கோங்க. காத்து கரைக்குச் சாய்வா உள்ளே வரும், கைட் விழுந்தாலும் மெல்ல கரைக்கே ஒதுங்குவீங்க. டெக்சாஸ்ல தட்டைத் தண்ணில ஓட்டிப் பழகினவங்களுக்கு அங்க அலைமேடு புதுசா இருக்கும், முதல் நாள் கரையோரமா ஓட்டிப் பழகுங்க. லா வென்டானா கேம்ப் கிரவுண்ட் பக்கம் மணல், வடக்கே போகப் போக கல்லு. கைட்டை எங்க கிளப்பி விடுறீங்கன்னு முன்னாடியே பார்த்து வைங்க. வடக்கிருந்து டவுன்விண்டர் (காத்தோட போக்குலயே ஒரு இடத்துலிருந்து இன்னொரு இடத்துக்கு ஓட்டிட்டுப் போறது) போறப்ப ஓட்டாத ரெண்டு பேரையும் டிரைவர் ஆக்கிடாதீங்க, ஊர்ல பணம் கொடுத்தா கொண்டு விடுவாங்க.

அலைவரிசை:
ரொம்ப நன்றிக்கா, எல்லாருக்கும் நன்றி. மதியச் சாப்பாடு கிடையாதுன்னு குழுவுல போட்டேன், மனைவிதான் முதல்ல கைதட்டினா. சமையல் முறையும் எழுதிட்டோம், முதல் ராத்திரி நானும் நண்பனும். ரெண்டு சந்தேகம்: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மெக்சிகோ விசா வேணுமா? சான் ஹோசே தெல் காபோ விமான நிலையத்துல சாயங்காலம் 4 மணிக்கு இறங்குறோம், அன்னிக்கே லா வென்டானாவுக்குக் கார் ஓட்டிட்டு வந்திடலாமா?

பாம்பன்காத்து:
பாஸ்போர்ட்ல செல்லுபடியாகிற அமெரிக்க விசா ஸ்டாம்ப் இருந்தா மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம், கிரீன் கார்டு இருந்தாலும் வேண்டாம். ஸ்டாம்ப் தேதி முடிஞ்சு ஐ-797 (அமெரிக்கக் குடிவரவுத் துறையோட ஒப்புதல் கடிதம்) மட்டும் கைல இருந்தா அதை நம்பிக் கிளம்பாதீங்க, ஆறு பேரும் இன்னிக்கே எடுத்துப் பாருங்க.

அன்னிக்கு கார் ஓட்ட வேண்டாம் தம்பி. அங்கிருந்து ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், ஜனவரில 6 மணிக்கு மேல இருட்டிடும், ராத்திரில மாடுங்க ரோட்டுல படுத்திருக்கும். சான் ஹோசேலயே தங்கிட்டு காலைல கிளம்புங்க. வாடகைக் கார் எடுக்கிறப்ப, மூன்றாம் நபர் காப்பீடு மெக்சிகோல கட்டாயம். ஆன்லைன்ல காட்டற விலைல அது பல நேரம் சேர்ந்திருக்காது, கவுண்டர்ல விலையைப் பார்த்து திகைச்சு நிக்காம இப்பவே கேட்டு எழுதி வாங்கிடுங்க. வழில லா பாஸ்ல சாமான் வாங்க ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்க. பட்டியல் போட்டதும் இங்கயே போடுங்க, விட்டுப் போனது ஏதாவது இருந்தா சொல்றேன்.