பின் டயர் மாத்தினதிலிருந்து ஈ.எஸ்.சி. (வண்டி வழுக்காம பார்த்துக்கற எலக்ட்ரானிக் அமைப்பு) விளக்கு சிமிட்டுது, ஆஃப் பண்ணிடலாமா?

லாஸ்பேட்டை_வி8:
செகண்ட் ஹேண்ட் ரெண்டு கதவு வண்டி, பின்சக்கர ட்ரைவ், 5 லிட்டர் வி8. பின் டயர் ரெண்டும் புதுசு போட்டு, வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாச்சு. அதிலிருந்து ஈ.சி.ஆர்.ல காலாப்பட்டு தாண்டி நேர் ரோட்டுல, காய்ஞ்ச தரையில, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் மிதிச்சாலே மஞ்சள் விளக்கு சிமிட்டி இழுவை குறையுது. நேரா போகும்போது ஸ்டீயரிங்கும் ஒரு பக்கம் சாஞ்சு நிக்குது. "ஸ்போர்ட்ஸ் காருக்கு அது எதுக்கு, சுவிட்ச்சை அமுக்கி ஆஃப் பண்ணு"ங்கறாங்க. ஐப்பசி மழை வேற வருது. என்ன பண்ணலாம்?

வில்லியனூர்_ரெஞ்ச்:
ஆஃப் பண்ணாதீங்க சார். சிமிட்டினா அது வேலை செய்யுதுன்னு அர்த்தம். விடாம எரிஞ்சாத்தான் பழுது. உங்க வண்டியில அது ஏமாந்து வேலை செய்யுதுன்னு நினைக்கிறேன்.

நாலு சக்கரத்துக்கும் வேக சென்சார், ஸ்டீயரிங்ல கோண சென்சார், வண்டி எவ்வளவு வேகமா திரும்புதுன்னு பார்க்கிற யா சென்சார். நீங்க திருப்பினதும் வண்டி போறதும் ஒத்துப்போகுதான்னு இதை வச்சு நொடிக்குப் பல தடவை பார்க்கும். வளைவுல பின்பக்கம் வழுக்கினா வெளிப்பக்க முன் சக்கரத்தை மட்டும் பிடிக்கும். மூக்கு திரும்பாம நேரா ஓடினா உள்பக்க பின் சக்கரத்தை. கூடவே இன்ஜின் இழுவையையும் குறைக்கும். ஒத்தைச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுறது எந்தக் கில்லாடி டிரைவராலும் ஆகாது, பெடல் ஒண்ணுதானே.

புது டயர்ல என்ன சைஸ் போட்டிருக்கு? டிரைவர் கதவு ஓரத்து ஸ்டிக்கர்ல என்ன இருக்கு?

லாஸ்பேட்டை_வி8:
ஸ்டிக்கர்ல முன்னால 255/40 ஆர்19, பின்னால 275/40 ஆர்19. இப்போ பின்னால இருக்கறது 275/35 ஆர்19. "அகலம் ஒண்ணுதான், ஸ்டாக்ல இதான் இருக்கு"ன்னு போட்டாங்க.

வில்லியனூர்_ரெஞ்ச்:
அதான் விஷயம். 40, 35ங்கறது டயரோட பக்கச்சுவர் உயரம், அகலத்துல எத்தனை சதவீதம்னு. அது குறைஞ்சா விட்டமும் குறையும். முன் டயர் விட்டம் சுமார் 687 மி.மீ. பின்னால இருக்க வேண்டியது 703, நீங்க போட்டது 675. கம்பெனி கணக்குப்படி பின் சக்கரம் முன்னதைவிட 2% மெதுவா சுத்தணும். இப்போ கிட்டத்தட்ட 2% வேகமா சுத்துது. சக்கரம் சறுக்கினாலும் கம்ப்யூட்டருக்கு இப்படியேதான் தெரியும். சின்ன வித்தியாசத்தைத் தானே பழகிக்கும், இவ்வளவு பெருசை இல்ல.

முதுநகர்_கியர்:
ஸ்டீயரிங் சாய்வு தனிக் கதை. ஸ்டீயரிங்கை நடுவுல லாக் பண்ணாம டோ (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ பார்த்து நிக்கிற கோணம்) வச்சிருப்பாங்க. டயரை முதல்ல மாத்துங்க, அதுக்கு முன்னாடி அலைன்மென்ட் காசு தண்டம். குளிர்ந்த டயர்ல ஸ்டிக்கர் சொல்ற காத்து, அப்புறம் பின் சக்கர டோ, கடைசியா முன் டோ, ரெண்டு டை ராடையும் (ஸ்டீயரிங்கை முன் சக்கரத்தோட இணைக்கிற கம்பி) சமமா திருப்பி. முடிச்சதும் ஸ்கேனர் போட்டு ஸ்டீயரிங் கோண சென்சாருக்கு ஜீரோ செட் பண்ணச் சொல்லுங்க. நிறைய பேர் விட்டுடற வேலை இது. விட்டா, நேரா போற வண்டியை நீங்க திருப்புறீங்கன்னு அது நினைச்சுக்கும்.

அதுக்கப்புறமும் விளக்கு விடாம எரிஞ்சா, நேர் ரோட்டுல 40 கி.மீ. வேகத்துல ஸ்கேனர்ல நாலு சக்கர வேகத்தையும் பாருங்க. ஒண்ணு மட்டும் திடீர்னு ஜீரோவுக்கு விழுந்தா அந்தச் சென்சார், இல்ல அதோட கனெக்டர். கடலோரம் நிறுத்துற வண்டியில உப்புக் காத்துல கனெக்டர் ஊசி பச்சை பிடிச்சுடும்.

மழை பத்தி: 100 மீட்டர் ஆரமுள்ள வளைவை 60ல எடுத்தா 0.28 ஜி (ஜின்னா புவியீர்ப்பு அளவு) பிடிப்பு போதும், 80ல 0.5, 100ல 0.79 வேணும். ஈர ரோடு சுமார் 0.5தான் தரும்னு வச்சுக்குங்க. 100ல போனா ஈ.எஸ்.சி. எந்தச் சக்கரத்தைப் பிடிச்சும் பயனில்லை, இல்லாத பிடிப்பை அது உண்டாக்காது. அதுக்காக வேண்டாம்னும் சொல்ல முடியாது. 1998ல வந்த முதல் ஆடி டிடி கார் இது இல்லாமத்தான் வந்துச்சு. அதிவேகத்துல நடந்த விபத்துகளுக்கு அப்புறம் ஈ.எஸ்.பி.யும் (ஈ.எஸ்.சி.க்கு இன்னொரு பேர்) பின் ஸ்பாய்லரும் (வண்டியோட பின்பக்கம் தூக்காம இருக்க வைக்கிற தகடு) சேர்த்தாங்க. ஸ்போர்ட் மோடுல ஈ.எஸ்.சி. வழுக்கலுக்குக் கொஞ்சம் இடம் விடும், அதை வெயில் நாளுக்கு வச்சுக்குங்க.

லாஸ்பேட்டை_வி8:
முன்னாலயும் 255/35 போட்டுட்டா?

வில்லியனூர்_ரெஞ்ச்:
விகிதம் திரும்ப வந்துடும், சிமிட்டல் நிக்கலாம். ஆனா வண்டி 13 மி.மீ. தாழ்ந்து போகும், ஸ்பீடோமீட்டர் 4% கூட காட்டும், குழியில விழுந்தா ரிம் அடி வாங்கும். நம்ம ஸ்பீடு பிரேக்கருக்கு அந்த 13 மி.மீ. ரொம்பப் பெருசு. கடையில 275/40 வரவழைச்சு மாத்திக் கேளுங்க, ஓடின டயர்னு சொன்னா வித்தியாசத்தைக் கட்டிடுங்க.