கார்பனை ஈடுகட்டச் சமூகக் காடு: நிதி, நடவு, கணக்கு மூன்றிலும் களத்தில் பார்த்தவை

வெளியேறும் கார்பனை மரங்களில் சேர்த்து ஈடுகட்ட ஊர் கூடிக் காடு வளர்க்கும்போது, நிதி கேட்டு எழுதும் திட்டங்களில் நாற்று விலை, குழி வெட்டும் கூலி, நடவு நாள் ஏற்பாடு மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்கும். மூன்றாம் ஆண்டுக் களையெடுப்பைத் தேடினால் கிடைக்காது. கன்றுகள் அதிகம் சாவது நடவுக்கும் அந்த மூன்றாம் ஆண்டுக்கும் இடையில்தான். பட்ஜெட்டை ஆண்டுவாரியாகப் பிரித்து எழுதுங்கள். நடவு ஆண்டில் வேலி, குழி, நாற்று. நாற்றில் 15 முதல் 20 சதவீதம் மறுநடவுக்காகக் கூடுதலாக. முதல் மூன்று ஆண்டும் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை களையெடுப்பு, வறட்சியில் தண்ணீர், செத்த இடத்தில் மறுநாற்று. நான்காம், ஐந்தாம் ஆண்டில் தீத்தடுப்புக் கோடு, கன்றைக் காக்க மாட்டிய குழாய்களை அகற்றுதல். பாதிப் பணமாவது நடவு முடிந்த பிறகு செலவாக வேண்டும். அதைத் தனிக் கணக்கில் போட்டு வைக்காவிட்டால் அடுத்த இடத்து நடவு அதைத் தின்றுவிடும்.

நிதி கொடுப்பவரிடம் தவணையாகவே கேளுங்கள்: நடவு முடிந்ததும் ஒரு பங்கு, ஓராண்டு பிழைப்புக் கணக்கு, அதாவது எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது என்பதைக் காட்டியதும் ஒரு பங்கு, மூன்றாம், ஐந்தாம் ஆண்டில் மீதி. இப்படிக் கட்டினால் குழுவும் கன்றைத் திரும்பப் போய்ப் பார்க்கும்.

* * *

தவணை சரி. ஆனால் முதல் தவணையிலேயே வீணாகிப் போவது நாற்றுத் தேர்வில். பார்வைக்கு உயரமான நாற்றை எடுக்காதீர்கள். 30 முதல் 60 செ.மீ. உயரம், தடித்த தண்டு, நன்கு கிளைத்த வேர் போதும். பையில் நாள்பட இருந்த நாற்றின் வேர் அடியில் வளையமாகச் சுற்றியிருக்கும். அப்படியே நட்டால் ஐந்தாறு வருடம் கழித்துக் காற்றில் சாயும். பிடுங்கிப் பார்த்தால் வேர் இன்னும் பையின் வடிவத்திலேயே இருக்கும். நடும்போது பையை முழுவதும் கிழித்து எடுத்து, வேர்க்கட்டியின் பக்கவாட்டில் இரண்டு மூன்று இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு செ.மீ. ஆழம் கீறிவிடுங்கள், சுற்றிய அடி வேரை வெட்டி எறியுங்கள்.

வேர்க்கழுத்து, அதாவது தண்டு வேராக மாறும் இடம், தரைமட்டத்தில் நிற்க வேண்டும். ஆழமாகப் புதைத்தால் கழுத்து அழுகும். மண்ணை நிரப்பிக் குதிகாலால் மிதித்து இறுக்குங்கள், உள்ளே காற்றுப்பை நின்றால் வேர் காயும். பிறகு நுனி இலை ஒன்றைப் பிடித்து மெல்ல இழுங்கள். இலை கிழிந்தால் நடவு சரி. கன்று மேலே வந்தால் திரும்ப நடுங்கள்.

கன்றைக் கொல்வதில் புல்லுக்குத்தான் முதலிடம். மேலே வெட்டிவிட்டால் சுத்தமாகத் தெரியும், ஆனால் வேர் அப்படியே இருந்து தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கும். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் விட்டத்துக்குப் புல்லே இருக்கக் கூடாது. அங்கே 7 முதல் 10 செ.மீ. கனத்துக்கு இலைதழை, வைக்கோல் போன்ற மூடாக்கு போடுங்கள், தண்டைத் தொடாமல்.

* * *

பிழைப்பைக் கணக்கெடுக்க எளிய வழி: 5.64 மீட்டர் கயிறு. ஒரு முனையைக் குச்சியில் கட்டி வட்டமாகச் சுற்றினால் உள்ளே 100 சதுர மீட்டர். 2 × 2 மீட்டர் இடைவெளியில் ஹெக்டேருக்கு 2,500 கன்று, ஆக வட்டத்துக்குள் 25 இருக்க வேண்டும். 17 உயிரோடு இருந்தால் 68 சதவீதம். வட்டங்களை முன்கூட்டியே வரைபடத்தில் குறித்துவிடுங்கள். களத்தில் நின்று தேர்ந்தெடுத்தால் கால் தானாகப் பசுமையான இடத்துக்கே போகும்.

‘ஒரு மரம் ஆண்டுக்கு 22 கிலோ கார்பன் டை ஆக்சைடு சேர்க்கும்’ என்று எங்கும் ஓடும் எண்ணை நட்ட நாற்று எண்ணிக்கையால் பெருக்குவதுதான் அடிக்கடி பார்க்கும் பிழை. முதல் சில ஆண்டில் கன்று சேர்ப்பது மிகக் குறைவு. நாற்றுகளை மிக நெருக்கமாக நடும் மியாவாக்கி முறையில் இந்தப் பிழை இன்னும் பெரிதாகும்: சதுர மீட்டருக்கு 3 நாற்று என்றால் ஹெக்டேருக்கு 30,000. அதில் பெரும்பகுதி போட்டியில் தானாகவே மடியும், மடியவும் வேண்டும்.

அளந்து சொல்வதென்றால் இப்படி. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் தண்டின் சுற்றளவு 63 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 3.14ஆல் வகுத்தால் விட்டம் 20 செ.மீ. உயரம் 12 மீட்டர், கட்டையின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.6 கிராம். வெப்பமண்டல மரங்களுக்கு ஆய்வாளர் ஜெரோம் ஷாவ் குழு 2014இல் தந்த சமன்பாட்டில் இது தரைக்கு மேல் சுமார் 160 கிலோ உலர் எடை. வேருக்குக் கால் பங்கு சேர்த்தால் 200. அதில் 47 சதவீதம் கார்பன், 94 கிலோ. 44/12ஆல் பெருக்கினால் சுமார் 345 கிலோ கார்பன் டை ஆக்சைடு. இது அந்த மரம் தன் ஆயுளில் இதுவரை சேர்த்த மொத்தம், ஓராண்டுக் கணக்கு இல்லை.

* * *

இடம் பற்றி ஒரு வார்த்தை. கரிச்சேற்று நிலத்தில் (மட்கிய தாவரம் சேறாகப் படிந்த சதுப்பில்) வடிகால் வெட்டி மரம் நட்டால், மண்ணிலிருந்து வெளியேறும் கார்பன் மரம் சேர்ப்பதை விஞ்சிவிடலாம். பழமையான புல்வெளியும் அப்படியே. அதன் கார்பன் மண்ணுக்குள் இருக்கிறது. தரிசு என்று ஏட்டில் எழுதியிருப்பதை நம்பாமல் ஒரு மழைக்காலம் முழுக்க அங்கே என்ன முளைக்கிறது என்று பாருங்கள். மேய்ச்சல் நிலமாக இருந்தால் மாடுகள் எங்கே போகும் என்பதற்கும் முன்பே விடை வேண்டும். அவை இன்னொரு காட்டை அழித்தால் அந்த இழப்பும் உங்கள் கணக்கில்தான் கழியும்.

* * *

கார்பன் அலகு, அதாவது காடு சேர்த்த கார்பனுக்கான சான்று விற்கும் எண்ணம் இருந்தால், காடு வளர்ப்புக்காகப் பிரிட்டனில் 2011இல் தொடங்கிய உட்லேண்ட் கார்பன் கோடு என்ற தரவிதி நல்ல பாடம். அங்கே நட்டவுடன் கிடைப்பது வருங்கால வாக்குறுதி மட்டுமே. அதை வாங்கிய நிறுவனம் அதைக் காட்டித் தன் உமிழ்வை ஈடுகட்டியதாகச் சொல்ல முடியாது. ஐந்தாம் ஆண்டிலும் அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறையாவதும் அளந்து சரிபார்த்தபின்தான் அது உண்மையான அலகு. தீ, நோய், புயலுக்காக அலகுகளில் 20 சதவீதம் பொதுச் சேமிப்பில் ஒதுக்கப்படுகிறது. அலகு விற்ற பணம் இல்லாமலே அந்தக் காடு வந்திருக்குமென்றால், அல்லது சட்டப்படி நட்டே ஆக வேண்டிய இடமென்றால், பதிவே கிடையாது.

சரிபார்ப்புச் செலவு பரப்புக்கு ஏற்பக் குறையாது. இரண்டு ஹெக்டேர் காட்டின் அலகு வருமானத்தை அதுவே விழுங்கிவிடக்கூடும். சிறிய காடுகள் சில சேர்ந்து ஒரே தொகுப்பாகப் பதிவதே வழி.

* * *

நிதி கொடுத்தவருக்குத் தரும் சான்றிதழில் ‘இத்தனை டன் ஈடுகட்டப்பட்டது’ என்று எழுதாதீர்கள். ‘இந்த இடத்தில், இந்தத் தேதியில், இத்தனை கன்று நடப்பட்டது, அடுத்த அளவீடு இந்த ஆண்டில்’ என்று எழுதுங்கள். அந்த அளவீட்டுத் தாளின் நகலையும் அனுப்பி வையுங்கள், பிழைப்பு 50 சதவீதமாக இருந்தாலும்.

வேலி போடும்போது ஏற்கெனவே ஆட்கள் நடந்துபோகும் தடத்தை மறிக்காதீர்கள். அங்கே ஒரு திறப்பு விட்டால் வேலி அப்படியே நிற்கும். அடைத்தால் முதல் வாரத்திலேயே கம்பி அறுபடும், அந்த வழியாக ஆடு நுழையும்.