ஆகஸ்ட் 22: சென்னைக்குக் கேக் வெட்டலாமா?

சூளைக்காரன்:
எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் இந்த வருஷம் ‘மெட்ராஸ் டே’ கொண்டாடப் போகிறார்கள். காலையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையைச் சுற்றி நடை, மாலையில் பழைய நாணயம், தபால்தலைக் கண்காட்சி, பிள்ளைகளுக்கு வினாடி வினா, கடைசியில் கேக். மற்றதற்கெல்லாம் காசு தருகிறேன், கேக்குக்கு மட்டும் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். 1639-ல் தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் கிழக்கிந்திய கம்பெனியின் பிரான்சிஸ் டேக்குக் கடலோரத்தில் ஒரு துண்டு நிலத்தை எழுதிக் கொடுத்தார். பத்திரம் முடிந்த நாள் எப்படி ஊர் பிறந்த நாளாகும்? 7-ஆம் நூற்றாண்டிலேயே மயிலையின் தைப்பூசத்தையும் பங்குனி உத்திரத்தையும் சம்பந்தர் பாடிவிட்டார். அந்த மயிலையையும் சேர்த்துத்தான் ‘இன்னும் 400 வயசு ஆகவில்லை’ என்கிறீர்களா?

கோட்டைவாசல்:
மயிலாப்பூர் பழைய ஊர்தான், யார் இல்லை என்றது? ஆனால் அது மயிலாப்பூரின் வயது, சென்னையின் வயது இல்லை. திருவல்லிக்கேணி கம்பெனி கைக்கு வந்தது 1676-ல். எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை 1693-ல். சாந்தோம் 1749-ல். தனித்தனியாகக் கிடந்த ஊர்களை ஒரே நகரமாகத் தைத்த ஊசி, அந்தத் துண்டு நிலத்தில் கம்பெனி கட்டிய கோட்டை. நல்ல ஊசியா கெட்ட ஊசியா என்பது வேறு பேச்சு.

சூளைக்காரன்:
தைத்த ஊசி குத்தவும் செய்தது சார். இன்று உயர் நீதிமன்றம் நிற்கும் இடத்தில் பழைய கறுப்பர் நகரம், அதாவது கோட்டைக்கு வெளியே நம் மக்கள் குடியிருந்த பகுதி, இருந்தது. சென்னகேசவர் கோயிலும் அங்கேதான். பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டைக்குப் பிறகு, பீரங்கிக்குப் பார்வை மறைக்கிறது என்று எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார்கள். வெற்றிடத்தின் எல்லையில் 1773-ல் தூண்கள் நட்டார்கள். ஒன்று இன்னும் பாரிமுனையில் நிற்கிறது. நடைக்கு வருகிறவர்கள் அதையும் போய்ப் பாருங்கள்.

திண்ணைப்பேச்சு:
தேதியே தகராறுதான். பத்திரத்தில் ஜூலை 22 என்று இருக்கிறது, ஆனால் டே இங்கே வந்து இறங்கியதே ஜூலை 27. அதனால்தான் ஆகஸ்டாக இருக்கும் என்று ஆய்வாளர்கள் திருத்திக்கொண்டார்கள். எப்படியோ, ஆள் கெட்டிக்காரர்: வருஷா வருஷம் ‘மெட்ராஸ் டே’ என்று தன் பேரையே சொல்ல வைத்துவிட்டார்.

கோட்டைவாசல்:
கொண்டாட்டத்தைத் தொடங்கியவர்களையும் பாருங்கள். 2004-ல் சென்னை வரலாற்றை எழுதிய எஸ். முத்தையாவும் இரண்டு நண்பர்களும் ஆரம்பித்தது. அரசாங்க விழா இல்லை, யாருடைய சிலைக்கும் மாலை போடவில்லை. யார் வேண்டுமானாலும் தன் தெருவைப் பற்றிப் பேசலாம், அவ்வளவுதான். அந்த ஒரு நாளை விட்டால் பக்கத்துத் தெருவின் கதையை யார் கேட்கிறார்கள்?

காலடிப்பேட்டைப் பேத்தி:
யார் வேண்டுமானாலும் பேசலாம் சார், ஆனால் யார் கேட்க வருகிறார்கள்? நான் போன நடைகள் எல்லாம் கோட்டை, மயிலை மாடவீதி, ஃபில்டர் காபி. வடக்கே வந்தால் ராயபுரத்தோடு திரும்பிவிடுகிறார்கள். எங்கள் காலடிப்பேட்டை பெயரே கவர்னர் காலட் பெயரிலிருந்து வந்தது, நெசவுக்காரர்களுக்காக உண்டாக்கிய ஊர். சின்னத் தறிப்பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை. வண்ணாரப்பேட்டையில் வெளுத்தது வீட்டு அழுக்குத் துணி இல்லை, கப்பலேறப்போகிற புதுத்துணி. டே இந்த மணலில் இறங்கியதே இங்கே துணி 20 சதவீதம் மலிவு என்றுதானே? அப்படியென்றால் இந்த ஊரை உண்டாக்கியது பத்திரமா, தறியா?

எங்கள் தாத்தா தறியின் நாடாக்கட்டை, ஊடு நூலை இழுத்துக்கொண்டு ஓடும் கட்டை, ஒன்று வீட்டில் இருக்கிறது. இரண்டு முனையும் இரும்பு, நடுவில் கைபட்டுக் கைபட்டு வழுவழுவென்று ஆகிவிட்ட மரம். கண்காட்சியில் தபால்தலைக்குப் பக்கத்தில் அதை வைப்பீர்களா?

சூளைக்காரன்:
அக்கா, அதை வைப்பதாக இருந்தால் மேசை நானே போடுகிறேன். சங்கத்தில் பேசிப் பார்க்கிறேன். நடையைப் பாரிமுனைத் தூணில் தொடங்கி, பவளக்காரத் தெரு வழியாக வண்ணாரப்பேட்டை வரைக்கும் கொண்டுபோகலாம். தேதி 22-ஆகவே இருந்து தொலையட்டும், லீவு கிடைக்கிறவர்களுக்கு வசதி. ‘பிறந்தநாள்’ என்று மட்டும் பேனர் அடிக்கக் கூடாது.

கோட்டைவாசல்:
பேனரில் வேறு என்னதான் எழுதுவது? ‘பத்திரம் முடிந்த நாள்’ என்றா? நான் பிறந்தநாள் என்றுதான் சொல்வேன். நடைக்கு வருகிறேன்.

திண்ணைப்பேச்சு:
கேக்குக்குப் பதிலாக பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ, அந்த பர்மா நூடுல்ஸ், சாப்பிடலாமே. பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்தது, அதுவும் இந்த ஊர்க் கதைதான். ஆனால் கடை சாயங்காலம்தான் களைகட்டும், நடையை மாலைக்கு மாற்றுங்கள்.

சூளைக்காரன்:
மாற்றலாம். முட்டை இல்லாத அத்தோ கிடைக்குமா? எங்கள் செயலாளர் சுத்த சைவம்.