லொத்தர் விழுந்ததென்று வரும் மெயில்: எங்கே பார்த்தால் பிடிபடும்?

வாங்காத சீட்டுக்குப் பரிசு விழுந்ததென்று வரும் மோசடி மெயிலை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கொழும்பின் வெவ்வேறு பக்கங்களிலிருந்து எழுதியவை இவை.

கொட்டாஞ்சேனையிலிருந்து

புறக்கோட்டையில் சீட்டு வாங்குகிற எவருக்கும் நடைமுறை தெரியும். காசு கொடுத்துச் சீட்டு வாங்க வேண்டும், இலக்கத்தை நாமே ஒப்பிட வேண்டும், பெரிய பரிசென்றால் சீட்டையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு நாமே போக வேண்டும். தெருவில் வாங்கும் கடதாசிச் சீட்டில் வாங்கியவர் பெயரே கிடையாது, மெயில் முகவரி எங்கிருந்து வரும்? "உங்கள் மின்னஞ்சல் முகவரி கணினிக் குலுக்கலில் தெரிவானது" என்ற வரி இந்த இடத்திலேயே உடைந்துவிடுகிறது. சீட்டு விற்ற காசில்தான் பரிசு கொடுக்கிறார்கள். சீட்டே விற்காதவன் எதை எடுத்துக் கொடுப்பான்? மைக்ரோசொஃப்ட், கொகா கோலா, பிஎம்டபிள்யூ என்று பெயர் மாறி மாறி வருவதும் இதே அச்சுத்தான்.

வெள்ளவத்தையிலிருந்து

பெயரையும் திகதியையும் சரிபார்த்தாலே நிறைய மெயில்கள் விழுந்துவிடும். பிரித்தானிய தேசிய லொத்தரை 1994 முதல் நடத்தியது கேம்லொட் நிறுவனம். 2024 பெப்ரவரி 1 முதல் அது ஓல்வின் நிறுவனத்தின் கையில். அதற்குப் பிந்திய குலுக்கலுக்குக் "கேம்லொட்" என்று கையெழுத்துப் போட்டிருந்தால், பழைய மெயிலைத் தூசு தட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஸ்பெயினின் கிறிஸ்மஸ் எல் கோர்டோ குலுக்கல் டிசம்பர் 22இல் மட்டும். ஜூலையில் அது யாருக்கும் விழாது. (அதே பெயரோடு வாராந்தக் குலுக்கல் ஒன்றும் உண்டு, அதற்கும் சீட்டு வாங்கியிருக்க வேண்டும்.)

தொலைபேசி இலக்கத்தையும் விடாதீர்கள். +44 70 என்று தொடங்கினால் பிரித்தானிய மொபைல் மாதிரித் தெரியும், ஆனால் மொபைல் அல்ல. வருகிற அழைப்பை வேறெங்கும் திருப்பிவிடக்கூடிய தனிநபர் இலக்கம். எடுப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று அதை வைத்துச் சொல்லவே முடியாது.

பம்பலப்பிட்டியிலிருந்து

மெயிலின் தலைப்பகுதியை, அதாவது யார் எங்கிருந்து யாருக்கு அனுப்பினார் என்ற விவரத்தை, திறக்கப் பழகினால் மற்ற ஊகங்கள் தேவைப்படாது. போனில் ஜிமெயில் என்றால் அனுப்பியவர் பெயருக்குக் கீழே இருக்கும் சிறு அம்புக்குறியைத் தட்டுங்கள். "ஃப்ரொம்" (அனுப்பியவர்) ஒரு முகவரி, "ரிப்ளை-டு" (பதில் போகுமிடம்) இன்னொரு முகவரி என்று வந்தால் இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். மேலே ஏதோ பல்கலைக்கழகத்தின் உண்மையான முகவரி, பதில் போவதோ ஓர் இலவச மெயில் பெட்டிக்கு. அந்தப் பல்கலைக்கழகக் கணக்கை யாரோ திருடியிருக்கிறார்கள், அல்லது அந்த முகவரியைப் பொய்யாகப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். "டு" என்ற இடத்தில் உங்கள் முகவரி இல்லாமலிருப்பதும் கவனிக்க வேண்டியது. பத்து இலட்சம் பவுண் வென்ற ஒருவருக்கு எழுதுகிற கடிதத்தை யாரும் கூட்டத்தோடு கூட்டமாக அனுப்புவதில்லை.

கணினியில் மூன்று புள்ளியை அழுத்தி "ஷோ ஒரிஜினல்" போனால் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்று மூன்று வரிகள் இருக்கும்; மெயில் சொல்லப்பட்ட முகவரியிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கும் சோதனைகள் அவை. இங்கேதான் விஷயம் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். மூன்றும் "பாஸ்" என்றால் மெயில் உண்மை என்று அர்த்தமில்லை. எந்த முகவரிப் பெயருக்கு (@ குறிக்குப் பின்னால் வருவது) பாஸ் என்று பக்கத்தில் பாருங்கள். ஜிமெயிலிலிருந்து அனுப்பிய மோசடி மெயில் ஜிமெயில் டொட் கொம்முக்கு ஒழுங்காகப் பாஸாகும். லொத்தர் சபைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

முகவரியை வலப்பக்கமிருந்து வாசியுங்கள். கடைசி டொட்டுக்கு முன்னால் நிற்பதுதான் வீட்டுக்காரன்; அதற்கு இடப்பக்கம் "நேஷனல் லொத்தரி" என்றோ வேறெப்படியோ அவன் விரும்பியதை எழுதிக்கொள்ளலாம். டொட் கோ டொட் யூகே, டொட் கொவ் டொட் எல்கே போல முடியும் முகவரிகளில் ஒரு படி கூடுதலாகத் தள்ளிப் பார்க்க வேண்டியிருக்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து, மறுபடி

எழுத்துப்பிழையை வைத்துப் பிடிக்கலாம் என்று சொல்பவர்களுக்கு: அது பழைய காலம். இப்போது பிழையில்லாத ஆங்கிலத்தை இயந்திரமே எழுதிக் கொடுக்கிறது. அந்தக் காலத்திலும் பிழை முழுக்க அறியாமையால் வந்ததென்று சொல்ல முடியாது. 2012இல் மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர் கோர்மாக் ஹெர்லி வைத்த வாதம் இது: பதில் எழுதும் ஒவ்வொருவரோடும் மோசடிக்காரர் நேரம் செலவழிக்க வேண்டும், ஆகவே சந்தேகப்படுகிறவர்கள் முதல் மெயிலிலேயே கழன்றுவிடுவது அவருக்கு இலாபம். நம்பமுடியாத கதையே அவருடைய சல்லடை.

தெஹிவளையிலிருந்து

மோசடிக்காரர்களால் திருத்தவே முடியாத ஒன்று, காசு போகும் திசை. முதலில் கூரியர் கட்டணம், அது கட்டியதும் காப்புறுதி, பிறகு வரி, பிறகு "பணச்சலவை இல்லை" என்றொரு சான்றிதழ். "பரிசிலிருந்தே கழித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், பதில் போட்டாலே உங்கள் முகவரி உயிரோடிருப்பது தெரிந்துவிடும். வரப்போகும் பதிலும் தெரிந்ததுதான்: பரிசுப் பணம் காப்புறுதி செய்யப்பட்டிருக்கிறதாம், ஒரு சதமும் தொட முடியாதாம். உண்மையான லொத்தரில் வரி இருந்தால் பொதுவாகக் கழித்துக்கொண்டுதான் கையில் தருவார்கள்.

கட்டச் சொல்லும் கணக்கு யாருடைய பெயரில் என்று பாருங்கள். கட்டுநாயக்கவில் பார்சல் நிற்கிறது, சுங்கத்துக்குக் கட்டுங்கள் என்று போன் வரும். தருவதோ ஒரு தனிமனிதரின் சேமிப்புக் கணக்கு இலக்கம். சுங்க வரி தனியார் கணக்கில் சேர்வதில்லை.

வெள்ளவத்தையிலிருந்து, சிறு குறிப்பு

காசு கட்டாவிட்டாலும் படிவத்தை நிரப்பாதீர்கள். நமது அடையாள அட்டை இலக்கமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 12 இலக்கப் புதிய அட்டையிலும் இதே கணக்கு, ஆண்டு மட்டும் நான்கு இலக்கம். கொமியூனிகேஷனில் ஸ்கேன் எடுத்து அனுப்பினால், உங்கள் பெயரில் இன்னொருவரை ஏமாற்ற அதே படம் போதும்.

பம்பலப்பிட்டியிலிருந்து

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் முதலில் வங்கியின் அவசர இலக்கத்தை அழையுங்கள். விடியட்டும் என்று இருந்தால் காசு அடுத்த கணக்குக்குப் போயிருக்கும். மெயிலை அழிக்க வேண்டாம். ஸ்கிரீன்ஷொட்டில் தலைப்பகுதி வராது, சாதாரணமாக ஃபோர்வர்ட் செய்தாலும் போய்விடும். "ஷோ ஒரிஜினல்" பக்கத்திலேயே "டவுன்லோட் ஒரிஜினல்" இருக்கிறது. அந்தக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் அமைப்பின் 101க்கு அழையுங்கள், குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவிலும் முறைப்பாடு கொடுங்கள். சில வாரம் கழித்து "இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் மட்டும்" என்று ஒரு மெயில் வரலாம். ஏமாந்தவர்களின் பட்டியலைக் கையில் வைத்திருப்பவர்கள் அனுப்புவது அது.