உதவி: ஃபியூஸ் செய்த (கில்ன் என்ற சூளையில் உருக்கி ஒட்டிய) கண்ணாடித் தட்டு ஒரு நாள் கழித்துத் தானாகப் பிளந்துவிட்டது

நீலத்துளி:
அவசரம். நேற்றுக் காலை கில்னிலிருந்து எடுத்தபோது தட்டு முழுசாக, அழகாக இருந்தது. அப்புறம் யாரும் தொடவில்லை. இன்று காலை மேசையில் இருந்தபடியே டிக்கென்று சத்தம், போய்ப் பார்த்தால் இரண்டாகக் கிடக்கிறது. சனிக்கிழமை பரிசாகக் கொடுக்க வேண்டியது. அன்னீலிங் (உள்ளே அழுத்தம் தங்காதபடி ஒரு வெப்பத்தில் நிறுத்தி ஆற்றுவது) எல்லாம் சரியாகத்தான் போட்டேன். மறுபடி செய்யும்போது எதை மாற்ற வேண்டும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

மெதுநடை:
என்ன கண்ணாடி? எத்தனை அடுக்கு, மொத்தம் எத்தனை மில்லிமீட்டர்? உச்ச வெப்பம் எவ்வளவு, இறங்கும்போது எங்கே, எவ்வளவு நேரம் நிறுத்தினீர்கள்? "சரியாகப் போட்டேன்" என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஷெட்யூலை அப்படியே எழுதுங்கள்.

தணல்77:
கில்னை எத்தனை டிகிரியில் திறந்தீர்கள்? எனக்கு இப்படி ஆனபோதெல்லாம் மூடியை அவசரப்பட்டுத் திறந்ததுதான் காரணம். 200 டிகிரியில் எட்டிப் பார்த்தே இரண்டு கிண்ணங்களை இழந்திருக்கிறேன்.

சாம்பல்:
கில்னுக்குள் தட்டை வைக்கும் ஷெல்ஃபில், ஒட்டாமலிருக்கப் பூசும் கில்ன் வாஷைப் புதிதாகப் பூசினீர்களா? பழைய பூச்சு தேய்ந்த இடத்தில் கண்ணாடி ஒட்டிக்கொள்ளும். ஆறும்போது அது சுருங்கப் பார்க்கும், ஷெல்ஃப் விடாது. தட்டின் அடியில் வெள்ளையாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கனல்:
கண்ணாடியின் பெயரையே சொல்லாமல் "எதை மாற்ற வேண்டும்" என்று கேட்கும் எத்தனையாவது இழை இது? அடிப்படையைப் படித்துவிட்டுக் கில்னுக்கு மின்சாரம் கொடுங்கள். விரிசல் எந்த வழியாகப் போகிறது என்பதையாவது பார்த்தீர்களா? நிறத் துண்டின் ஓரத்தை ஒட்டியே வளைந்து போனால் இரண்டு கண்ணாடிகளும் ஒத்துப்போகவில்லை. நிறங்களைப் பொருட்படுத்தாமல் குறுக்கே போய், நுனியில் கொக்கி போல் வளைந்தால் அன்னீலிங் போதவில்லை. இதைக்கூடப் பார்க்காமல் ஷெட்யூலை மாற்றி என்ன பயன்?

வளைகரை:
கனல் சார், சொன்ன விஷயம் தங்கம். சொன்ன விதம் வேண்டாமே. இப்படிப் பதில் வந்தால் புதியவர்கள் கேட்கவே பயப்படுவார்கள். நீலத்துளி, உடைந்த விளிம்பைத் தடவிப் பாருங்கள் (கையுறையோடு). உருண்டு மழுங்கியிருந்தால் சூடு ஏறும்போதே உடைந்தது, கூர்மையாக இருந்தால் ஆறும்போது.

மெதுநடை:
அந்தச் சோதனை இங்கே உதவாது வளைகரை. வெளியே எடுத்து ஒரு நாள் கழித்து உடைந்தது, கூர்மையாகத்தான் இருக்கும். அழுத்தம் உள்ளேயே தங்கியிருக்கிறது, அது ஏன் தங்கியது என்பதுதான் கேள்வி.

நீலத்துளி:
மன்னிக்கவும், இதோ. அடியில் 4 மி.மீ. ஜன்னல் கண்ணாடி இரண்டு அடுக்கு. மேலே நீலத் துண்டுகள், அது வாங்கிய ஷீட், 90 என்று (சூட்டில் விரியும் அளவைச் சொல்லும் எண்) ஒட்டியிருந்தது. ஜன்னல் கண்ணாடியும் 90க்குப் பக்கத்தில்தான் என்று சொன்னார்கள். 810 டிகிரியில் 10 நிமிடம், அப்புறம் 482ல் ஒரு மணி நேரம், பிறகு கில்ன் தானாக ஆறியது. 60 டிகிரியில்தான் திறந்தேன். அடியில் எதுவும் ஒட்டவில்லை. விரிசல் விளிம்பிலிருந்து நேராக வந்து பெரிய நீலத் துண்டைச் சுற்றிக்கொண்டு போகிறது. மேலே லேசான வெள்ளைப் படலமும் இருக்கிறது, அதுவும் இதனாலா?

கனல்:
இதை முதலிலேயே எழுதியிருந்தால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். ஒத்துப்போகாத கண்ணாடி. முடிந்தது.

மெதுநடை:
முடியவில்லை, இன்னொரு தவறும் இருக்கிறது. 482 என்பது 90 வகைக் கலைக் கண்ணாடிக்குச் சொல்லும் அன்னீலிங் வெப்பம். ஜன்னல் கண்ணாடி, அதாவது ஃப்ளோட், அதைவிடக் கடினமானது. அதற்கு 550ஐ ஒட்டி நிறுத்த வேண்டும். 482க்கு வரும்போது ஃப்ளோட் ஏற்கெனவே இறுகிவிட்டது, அங்கே ஒரு மணி நேரம் நிறுத்தினாலும் உள்ளே மாட்டிய அழுத்தம் தளராது. நீலத்துளிக்குச் சரியாகப் பட்டது நீலத்துக்கு மட்டும்தான் சரி, அடித்தட்டுக்கு இல்லை.

வெள்ளைப் படலம் வேறு கதை. அது டீவிட்ரிஃபிகேஷன், மேற்பரப்பு படிகமாக மாறுவது. ஃப்ளோட்டில் சுலபமாக வரும். கைரேகை, கட்டர் எண்ணெய், தூசி இருந்தால் இன்னும் கூடும். நன்றாகக் கழுவுங்கள், உச்சத்திலிருந்து 700க்குக் கீழே வேகமாக இறக்குங்கள்.

பாட்டில்மனம்:
நான் ஒன்று கேட்கிறேன். ஃப்ளோட் 83லிருந்து 87 வரை இருக்கும் என்கிறார்கள். நீலம் 90. மூன்று முதல் ஏழு எண் வித்தியாசத்துக்கா தட்டு உடையும்? எண் பக்கத்தில் இருந்தால் போதும் என்றுதான் நான் இத்தனை நாள் செய்கிறேன், என் காதணிகள் எதுவும் உடையவில்லை.

கனல்:
காதணி சின்னது. நீளம் கூடக் கூட, கனம் கூடக் கூட அழுத்தம் தன் வேலையைக் காட்டும். காதணியில் தப்பித்ததை வைத்துத் தட்டுக்கு விதி எழுதாதீர்கள்.

பாட்டில்மனம்:
விதி எழுதவில்லை, எண் எதற்கு என்றுதான் கேட்டேன். ஒத்துப்போகுமா என்று அது சொல்லாவிட்டால் ஷீட்டில் ஏன் ஒட்டுகிறார்கள்?

வளைகரை:
நியாயமான கேள்வி. 90 என்றால் ஒரு டிகிரி சூட்டுக்குக் கண்ணாடி தன் நீளத்தில் கோடியில் 90 பங்கு விரியும் என்று அர்த்தம். ஆனால் அந்த அளவை எடுப்பது அறை வெப்பத்திலிருந்து 300 டிகிரி வரைதான். கண்ணாடிகள் ஒன்றோடொன்று இறுகிப் பூட்டிக்கொள்வதோ 500ஐ ஒட்டி. அந்த இடத்தில் பாகுத்தன்மையும் சேர்ந்து முடிவு செய்கிறது. ஒன்று இறுகும்போது மற்றது இன்னும் இளகியிருந்தால், எண் ஒன்றாக இருந்தாலும் இழுபறிதான். எண் வேறாக இருந்தும் ஒத்துப்போகும் கண்ணாடிகள் உண்டு. அதனால் எண்ணை நம்பாதீர்கள், ஒன்றோடொன்று சோதித்துத் தயாரித்த கண்ணாடியை நம்புங்கள். இல்லாவிட்டால் நீங்களே சோதியுங்கள். பாட்டில்களுக்கு இது இன்னும் முக்கியம், இரண்டு பாட்டில்கள் ஒன்றுபோலத் தெரிந்தாலும் கலவை வேறாக இருக்கலாம்.

தணல்77:
மூடியைப் பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். 60ல் திறந்தால் அது காரணமில்லை. ஆனால் 482க்குக் கீழே "தானாக ஆறியது" எனக்கு இன்னும் உறுத்துகிறது. சின்ன கில்ன் வேகமாக ஆறும். 8 மி.மீ.க்கு முதல் ஐம்பது அறுபது டிகிரியையாவது கன்ட்ரோலரில் போட்டு மெதுவாக இறக்குங்கள்.

மெதுநடை:
நீலத்துளி, சனிக்கிழமைக்கு முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஃப்ளோட் பட்டை ஒன்றில் நீலச் சில்லு ஒன்று, இடைவெளி விட்டு அதே ஃப்ளோட்டின் சில்லு ஒன்று. ஃபுல் ஃபியூஸ் (முழுசாக உருகி ஒன்றாகும் வரை), 550ல் அன்னீலிங். கணினித் திரையை வெள்ளையாக வைத்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸைத் திரை இருட்டாகும் வரை திருப்புங்கள். இரண்டுக்கும் நடுவே பட்டையைப் பிடியுங்கள். சில்லைச் சுற்றி வெளிச்சம் தெரிந்தால் அழுத்தம் இருக்கிறது. ஃப்ளோட் சில்லைச் சுற்றியும் தெரிந்தால் அன்னீலிங்கில் குறை. நீலத்தைச் சுற்றி மட்டும் என்றால் ஒத்துப்போகவில்லை. அந்த இரண்டாவது சில்லு இல்லாமல் சோதித்தால் எது காரணம் என்று பிரிக்கவே முடியாது.

சாம்பல்:
அந்தப் பட்டைக்கும் வாஷ் பூசிய இடம் பார்த்து வையுங்கள். பழைய வாஷைச் சுரண்டும்போது மாஸ்க் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வாஷுக்குப் பதில் ஷெல்ஃபில் விரிக்கும் ஃபைபர் பேப்பருக்கும் இதேதான்.

நீலத்துளி:
செய்தேன். நீலத்தைச் சுற்றி நான்கு மூலையிலும் வெளிச்சம், ஃப்ளோட் சில்லைச் சுற்றி இருட்டு. நீலம் இல்லாமல் வெறும் ஃப்ளோட்டில் தட்டு ஏற்றிவிட்டேன், 550. எல்லோருக்கும் நன்றி.

பாட்டில்மனம்:
நானும் என் பாட்டில் காதணிகளைத் திரையில் பிடித்துப் பார்த்தேன். ஐந்தில் மூன்றைச் சுற்றி வெளிச்சம். அவற்றை யாருக்கும் கொடுக்கப்போவதில்லை.

கனல்:
நல்ல முடிவு. நீலத்துளி, மிச்ச நீலத்தை ஃப்ளோட் இருக்கும் பெட்டியில் போடாதீர்கள். ஒவ்வொரு துண்டிலும் மார்க்கரால் வகையை எழுதித் தனியாக வையுங்கள், கலந்துவிட்டால் பார்வையால் பிரிக்க முடியாது. தட்டு எப்படி வந்தது?

மெதுநடை:
நீலத்துளி, தட்டைத் திரையில் பிடித்துப் பார்த்தீர்களா? கொடுப்பதற்கு முன் பார்த்துவிடுங்கள்.