நடு சீசனில், ஐஸ் சரியில்லை என்று ஒரு டீமையே மூடுவார்களா?

பெஞ்ச்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். நான் என்எச்எல் (வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்) மட்டும் பார்ப்பவன், சின்ன லீக்குகள் பக்கம் அதிகம் எட்டிப் பார்த்ததில்லை. கொஞ்ச நாளாக, காணாமல் போன ஹாக்கி டீம்களைப் பற்றித் தேடிப் படிக்கும் கிறுக்கு பிடித்திருக்கிறது. அதில் மாட்டியதுதான் வில்லியம்ஸ்போர்ட் அவுட்லாஸ்.

பென்சில்வேனியாவில் 2012-13 சீசன், ஃபெடரல் ஹாக்கி லீக். நியூ ஜெர்சியிலிருந்து இடம் மாறி வந்த டீம். வில்லியம்ஸ்போர்ட்டில் போமன் ஃபீல்ட் என்ற பழைய பேஸ்பால் மைதானத்தில் தற்காலிக ரிங்க் (ஐஸ் ஆடுகளம்) போட்டு, சொந்த ஊர் ஆட்டங்கள் மொத்தத்தையும் திறந்தவெளியிலேயே ஆடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். ஒரு ஆட்டம் இரண்டு ஆட்டம் இல்லை, எல்லாமே. கடைசியில் 2013 ஜனவரியில், சீசன் பாதியில் இருக்கும்போதே டீம் காலி. ரிங்க் ஆடுவதற்குப் பாதுகாப்பாக இல்லை என்பதுதான் காரணமாகச் சொல்லப்படுகிறது.

எனக்குப் புரியாதது, ஜனவரியில் அந்தப் பக்கம் குளிர் உச்சத்தில் இருக்கும், அப்போது போய் ஐஸ் எப்படிக் கெடும்? என்எச்எல்தான் வருடா வருடம் திறந்தவெளியில் நடத்துகிறதே, அங்கே மட்டும் எப்படி நடக்கிறது? அப்புறம், ஐஸ் கெட்டுப்போனால் சரி செய்வார்கள் அல்லது வேறு ரிங்க் பார்ப்பார்கள், டீமையே இழுத்து மூடுவார்களா? காசு தீர்ந்துபோனதைச் சொல்ல வெட்கப்பட்டு ஐஸ் மேல் பழியைப் போட்டுவிட்டார்கள் என்கிறான் நண்பன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிங்க்காரன்:

கொஞ்ச காலம் ஒரு ரிங்க்கில் ஜாம்போனி (ஐஸைச் சீராக்கும் வண்டி) ஓட்டியிருக்கிறேன், அதனால் ஐஸ் பற்றிய பகுதியை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், காசு விஷயத்தை மற்றவர்கள் பேசட்டும்.

முதலில் ஒன்று, ஹாக்கி ஐஸை வெளியில் இருக்கும் குளிர் உண்டாக்குவதில்லை. அடியில் இருக்கும் குழாய்களில் உப்புக்கரைசலோ கிளைக்கால் என்ற எளிதில் உறையாத திரவமோ ஓடுகிறது, அதுதான் மேலே இருக்கும் மூன்று நான்கு சென்டிமீட்டர் ஐஸை மைனஸ் ஐந்து டிகிரி வாக்கில் பிடித்து வைக்கிறது. உள்ளரங்கில் அந்தக் குழாய்கள் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும், கான்கிரீட் ஒருமுறை குளிர்ந்துவிட்டால் சட்டென்று சூடாகாது. பேஸ்பால் மைதானத்தில் கான்கிரீட் கிடையாது, தற்காலிக ரிங்க் என்றால் தரையைச் சமன் செய்து அதன்மேல் குழாய்ப் பாய்களை விரிப்பதுதான் வழக்கம். தரை எங்கேயாவது ஒரு பக்கம் சரிந்திருந்தால் ஐஸ் ஒரு மூலையில் தடிப்பாகவும் இன்னொரு மூலையில் அப்பளம் மாதிரியும் நிற்கும்.

ஜனவரிதானே என்று கேட்டீர்கள். காற்று எவ்வளவு குளிராக இருந்தாலும் வெயில் நேராக ஐஸில் விழுந்தால் போச்சு. ஐஸுக்கு வெள்ளை பெயின்ட் அடிப்பதே பக் (ஆடும் கறுப்பு ரப்பர் வட்டு) தெரிவதற்காக மட்டும் இல்லை, வெப்பத்தைத் திருப்பி அனுப்பவும்தான். ஆனால் சிவப்புக் கோடும் நீலக் கோடும் விளம்பர லோகோவும் வெயிலை உறிஞ்சும், அங்கேதான் முதலில் இளகும். தெற்குப் பக்கத்துத் தடுப்புப் பலகையின் நிழல் விழும் ஓரம் கல் மாதிரி இருக்கும், எதிர் ஓரம் பொதபொதவென்று கிடக்கும். ஆடுகிறவன் கெட்டியான பக்கத்திலிருந்து முழு வேகத்தில் வந்து இளகின இடத்தில் கால் வைத்தால் பிளேடு அங்கேயே பதிந்துவிடும், உடம்பு மட்டும் போய்க்கொண்டிருக்கும். முழங்கால் திருகும், இல்லாவிட்டால் தலை குப்புறப் பலகையில் போய் மோதுவான். ஐஸ் மோசம் என்று ஆட்டக்காரர்கள் புலம்பும்போது பக் துள்ளுவதைப் பற்றி மட்டும் புலம்புவதாக நினைத்துக்கொள்ளாதீர்கள், அவர்கள் பயப்படுவது இதற்குத்தான்.

மழை அதைவிடக் கெடுதல். மழைத்தண்ணீர் பழைய ஐஸோடு ஒட்டாமல் மேலே தனி அடுக்காக உறையும், நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். பார்க்கப் பளபளவென்று இருக்கும், ஸ்கேட் ஏறினதும் தட்டுத் தட்டாகப் பெயர்ந்து வரும். அதைச் சுரண்டி எடுக்காமல் மேலே தண்ணீர் விட்டு ஒரு பயனும் இல்லை. சுரண்டினால் ஐஸ் மெலிந்துவிடும். ஒரு வாரம் மழையும் வெயிலும் மாறி மாறி வந்தால் அந்த ரிங்க்கைப் பராமரிப்பவனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

ஆட்டத்தின் நடுவில் ஒரு பள்ளம் விழுந்தால் என்ன செய்வோம் தெரியுமா? ஒரு வாளியில் ஐஸ் துருவலையும் தண்ணீரையும் குழைத்து எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில் அப்பி, கையாலேயே நிரவி, மேலே கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் ஒன்றை அடிப்போம். புஸ்ஸென்று ஒரு வெள்ளைப் புகை, சில நொடிகளில் இறுகிவிடும். பெரிய லீக்கிலும் இதே வைத்தியம்தான். ஒரு பள்ளத்துக்கு இது போதும். ரிங்க் முழுக்கப் பள்ளம் என்றால் எந்தத் தீயணைப்பானும் காப்பாற்றாது.

ஓவர்டைம்:

என்எச்எல் கேள்விக்கு நான் வருகிறேன். அவர்களுக்கும் எல்லாமே ஒழுங்காக நடக்கிறது என்று யார் சொன்னது? 2021 பிப்ரவரியில் டாஹோ ஏரிக்கரையில் கொலராடோவும் வேகாஸும் ஆடினார்கள் இல்லையா, மலை, ஏரி, நீல வானம் என்று டிவியில் ஓவியம் மாதிரி இருந்தது. அந்த நீல வானம்தான் பிரச்சினையே. மேகம் இல்லாமல் வெயில் நேராக அடித்து ஐஸ் இளகி, ஆட்டக்காரர்களும் நடுவர்களும் தடுக்கித் தடுக்கி விழுந்து, முதல் பீரியட் (ஆட்டத்தின் மூன்றில் ஒரு பகுதி) முடிந்ததும் ஆட்டத்தை நிறுத்தினார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் கழித்து ராத்திரியில்தான் மீதி நடந்தது. மறுநாள் ஆட்டத்தையும் மாலைக்குத் தள்ளிவிட்டார்கள். இத்தனைக்கும் அவர்கள் கையில் 300 டன் திறனுள்ள நடமாடும் குளிரூட்டும் லாரி இருக்கிறது, ஐஸுக்கென்றே தனி அணி இருக்கிறது.

2011 புத்தாண்டு ஆட்டம் பிட்ஸ்பர்க்கில் மழையால் மதியத்திலிருந்து இரவுக்குப் போனது. அடுத்த வருடம் ஃபிலடெல்ஃபியாவில் வெயில் காரணமாக இரண்டு மணி நேரம் தள்ளினார்கள். இவர்கள் எல்லாருக்கும் முன்னால் 1991 செப்டம்பரில் லாஸ் வேகாஸில் சீசர்ஸ் பேலஸ் வாகன நிறுத்தத்தில் கிங்ஸும் ரேஞ்சர்ஸும் ஒரு பயிற்சி ஆட்டம் ஆடியிருக்கிறார்கள், பாலைவன வெக்கை, விளக்கு வெளிச்சத்துக்கு வெட்டுக்கிளிகள் வந்து ஐஸில் ஒட்டிக்கொண்டன. ஆனால் அதெல்லாம் ஒரு நாள் கூத்து. பணத்தைக் கொட்டி ஒரு ராத்திரிக்கு ஐஸைப் பிடித்து வைக்க முடியும். சின்ன லீக்கில் எதிரணி பஸ்ஸில் பல மணி நேரம் வந்து இறங்கும், அவர்களிடம் போய் ராத்திரி ஒன்பது வரை காத்திருங்கள் என்றால் திரும்பிப் போக ஓட்டுநர் கிடைப்பாரா என்பதே சந்தேகம். இதைக் குளிர்காலம் முழுக்கச் செய்வது என்று திட்டம் போட்டவருக்கு அசாத்திய துணிச்சல்.

பழையகணக்கு:

மேலே இருவரும் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஐஸ் கெட்டதால் டீம் செத்தது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். பெஞ்ச்வாசியின் நண்பர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது.

1972 அக்டோபர் 13, ஃபிலடெல்ஃபியா பிளேசர்ஸ். என்எச்எல்லுக்குப் போட்டியாக வந்த டபிள்யூஎச்ஏ லீக்கில் அவர்களுடைய முதல் சொந்த ஊர் ஆட்டம். ஐஸ் மெல்லியதாக இருந்ததால் ஜாம்போனி ஏறியதும் உடைந்தது, ஆட்டம் ரத்து. வந்தவர்களுக்கு நினைவுப் பரிசாக வாசலிலேயே ஆளுக்கொரு பக் கொடுத்திருந்தார்கள், புத்திசாலிகள். ரத்து என்று மைக்கில் சொல்லப் போன அந்த டீமின் ஆட்டக்காரர் டெரெக் சாண்டர்சன் மேலேயே அந்தப் பக்குகள் பறந்து வந்தன. அவருடைய ஒப்பந்தம் இரண்டரை மில்லியன் டாலருக்கு மேல், அந்த டீமுக்காக ஆடியது 8 ஆட்டம். இவ்வளவு கேவலப்பட்டும் டீம் சாகவில்லை, அந்த சீசனை முடித்துவிட்டு 1973-இல் வான்கூவருக்குப் போனது, அப்புறம் கால்கரி.

அடுத்த சீசனிலேயே இன்னொன்று. நியூ யார்க் கோல்டன் பிளேட்ஸ் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் ஆரம்பித்து, கட்டுப்படியாகாமல் நடு சீசனில் நியூ ஜெர்சியின் செரி ஹில் அரங்குக்கு ஓடியது, பெயரும் ஜெர்சி நைட்ஸ் என்று மாறியது. அந்த ரிங்க் சமதளமே இல்லை, ஒரு பக்கம் சரிவு. வரும் எதிரணிக்கு ஒழுங்கான உடைமாற்றும் அறைகூடக் கிடையாது, ஹோட்டலிலேயே முழு உடுப்பையும் மாட்டிக்கொண்டு வருவார்கள். அந்த டீமும் சாகவில்லை, 1974-இல் சான் டியாகோ மரினர்ஸ் ஆனது.

1978 ஜனவரி 18 விடியற்காலையில் ஹார்ட்ஃபோர்ட் சிவிக் சென்டரின் கூரை பனிப் பாரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டது. சில மணி நேரம் முன்புதான் ஒரு கூடைப்பந்து ஆட்டம் முடிந்து ஆயிரக்கணக்கானோர் வெளியேறியிருந்தார்கள். யாருக்கும் அடிகூட இல்லை. அங்கே ஆடிக்கொண்டிருந்த நியூ இங்கிலாந்து வேலர்ஸ் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய் 1980 வரை தாக்குப்பிடித்துத் திரும்பி வந்தார்கள். ரிங்க் மோசம் என்ன, ரிங்க்கே இல்லை, டீம் பிழைத்தது!

இவர்கள் எல்லாருக்கும் போக ஒரு இடமும், செலவு செய்ய ஒரு முதலாளியும் இருந்தார்கள். அவுட்லாஸுக்கு நிரந்தர ஐஸே கிடையாது, சினிமாவுக்குப் போட்ட செட் மாதிரி ஒரு ரிங்க். டிக்கெட் வருமானமும் அதை நம்பித்தான். ஒரு ஆட்டம் ரத்தானால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், குளிரூட்டும் இயந்திரத்துக்கு வாடகையோ கரண்டோ நிற்காது. அதனால் ஐஸா காசா என்ற கேள்வியே எனக்குச் சரியாகப் படவில்லை. ஐஸ் கெட்டபோது காசு போயிருக்கும், காசு இல்லாததால் ஐஸ் மறுபடி கெட்டிருக்கும்.

பெஞ்ச்வாசி:

பிரமாதம். பக் எறிந்த கதைக்கு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறேன். சரி, ஆட வேண்டாம் என்று கடைசியில் முடிவெடுப்பது யார்? ஊர் டீமுக்கு ஆடினால்தான் காசு, அவர்கள் எப்படி வேண்டாம் என்பார்கள்?

வலைக்குமுன்னால்:

அன்றைய ஆட்டம் என்றால் நடுவர்தான். முதலில் முரண்டு பிடிப்பது பெரும்பாலும் எதிரணி. அவர்களுக்கு இந்த வருமானத்தில் பங்கு இல்லை, காலை உடைத்துக்கொள்ள அவசியமும் இல்லை. அதுவும் தாண்டிப் போனால் லீக், லீக்கை முடுக்குவது காப்பீடு. ஒருத்தன் மோசமான ஐஸில் விழுந்து முதுகெலும்பை உடைத்துக்கொண்டால் மருத்துவச் செலவு யார் தலையில் என்று கணக்குப் போட ஆரம்பித்தாலே பாதி ஆட்டங்கள் நின்றுவிடும். ஆட்டக்காரர்கள் தாமாக முன்வந்து மறுப்பது அபூர்வம். அந்த மட்டத்தில் அவன் மறுத்தால் நாளைக்கு அந்த இடத்தில் வேறொருவன் நிற்பான்.

ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. அவுட்லாஸ் ரிங்க் கெட்டது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது, அதனால் நின்றது. கண்ணுக்குத் தெரியாமல் கெடும் ரிங்க்குகள்தான் ஆளைக் கொல்கின்றன. 2017 அக்டோபர் 17, கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபெர்னி. கர்லிங் (ஐஸில் கல்லைச் சறுக்கி விடும் விளையாட்டு) ரிங்க்கின் குளிரூட்டியில் அம்மோனியா உப்புக்கரைசலுக்குள் கசிந்து, பராமரிப்பு வேலையில் இருந்த மூன்று பேர் இறந்தார்கள். அந்தக் குளிரூட்டி கசிகிறது என்பது அந்த வருடம் முன்பே தெரிந்திருந்தது, அப்படியும் சீசனுக்காக மறுபடி ஓட விட்டிருக்கிறார்கள் என்று பிறகு விசாரணையில் வந்தது. அதே அரங்கில்தான் ஊர் ஜூனியர் டீம் கோஸ்ட்ரைடர்ஸ் ஆடிக்கொண்டிருந்தது.

2014 டிசம்பரில் விஸ்கான்சினில் லேக் டெல்டன் என்ற ஊரில் ஒரு ஹாக்கிப் போட்டியின்போது ஐஸ் சீராக்கும் வண்டியின் புகையால் கார்பன் மோனாக்சைடு சேர்ந்து ஏராளமானவர்களுக்கு உடம்பு முடியாமல் போனது. அந்த வாயுவுக்கு வாசனையே கிடையாது. மினசோட்டாவில் உள்ளரங்கு ரிங்க்குகள் கார்பன் மோனாக்சைடையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் அளந்து பதிவு செய்தே ஆக வேண்டும், முதல் வாயு 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு), இரண்டாவது 0.3 பிபிஎம் தாண்டினால் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. எல்லா மாநிலத்திலும் இப்படிக் கிடையாது.

நான் வார இறுதியில் ஆடும் ஒரு ரிங்க்கில் இரண்டாவது பீரியட் வந்தால் பாதிப் பேருக்குத் தலைவலி. மேலாளரிடம் சொன்னால், உங்களுக்கெல்லாம் வயசாகிவிட்டது, தண்ணீர் குடியுங்கள் என்கிறார். எதிரணியில் இருப்பது கல்லூரிப் பையன்கள், அவர்களுக்கும் அதே தலைவலி. நாங்களே ஒரு அளவுமானி வாங்கி பெஞ்சில் தொங்கவிட்ட பிறகுதான் வண்டியைப் பழுதுபார்க்க அனுப்பினார்கள்.

ரிங்க்காரன்:

அந்த மேலாளரை எனக்குத் தெரியும் என்று நினைக்கிறேன், எல்லா ரிங்க்கிலும் அவர்தான் இருக்கிறார். மின்சாரத்தில் ஓடும் வண்டி வாங்கினால் இந்தத் தொல்லை போய்விடும், விலையைக் கேட்டால்தான் தலைவலி வரும். இதோடு ஆர்-22 குளிர்வாயுவில் ஓடும் பழைய ரிங்க்குகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் அதைப் புதிதாகத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. கசிந்தால் மறுசுழற்சி செய்ததைத் தேடிப் போக வேண்டும், இல்லாவிட்டால் இயந்திரத்தையே மாற்ற வேண்டும், பல சின்ன ஊர்களுக்கு அது தாங்காது.

பழையகணக்கு:

போமன் ஃபீல்ட் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அது 1926-இல் கட்டிய பேஸ்பால் மைதானம், அவுட்லாஸ் வந்த காலத்தில் கிராஸ்கட்டர்ஸ் என்ற பேஸ்பால் டீமின் சொந்த இடம். அதாவது ஐஸ் தங்கமாக நின்றிருந்தாலும் வெயில்காலம் வருவதற்குள் ரிங்க்கைப் பிரித்து எடுத்துப் புல்லைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அடுத்த குளிர்காலத்துக்கு மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். இந்தச் செலவை வருடா வருடம் செய்ய யார் தயார் என்று அந்த ஊரில் யாராவது கேட்டார்களா தெரியாது. 2017 ஆகஸ்டில் மேஜர் லீக் பேஸ்பால் அதே மைதானத்தைச் செப்பனிட்டு பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஆட்டத்தை அங்கே நடத்தியது.