கணவர் வெஸ்ட்வில் சிறையில் இருக்கிறார்: ஜாமீனுக்கும் சந்திப்புக்கும் நான் என்ன செய்ய வேண்டும்?

கேள்வி (கேட்பவர்: தஞ்சாவூர்க்காரி, டர்பன், தென்னாப்பிரிக்கா)

அனைவருக்கும் வணக்கம். என் கணவர் இங்கே ஓர் உணவகத்தில் எட்டு ஆண்டுகளாகச் சமையற்காரராக வேலை செய்கிறார். கடந்த வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, அடுப்படியில் நின்றவரைக் காவலர்கள் வந்து அழைத்துச் சென்றார்கள். கல்லாவில் பணம் குறைந்தது பற்றிய புகார் என்று மட்டுமே எங்களிடம் சொன்னார்கள். சனியும் ஞாயிறும் காவல் நிலைய அறையில் இருந்தார். திங்கட்கிழமை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஜாமீன் விசாரணையை வருகிற திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்து, அன்று மாலையே வெஸ்ட்வில் சிறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவருக்குத் தமிழும், அடுப்படி வேலைக்குப் போதுமான ஆங்கிலமும், கொஞ்சம் ஜூலுவும் தெரியும். நீதிபதி கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினார். புரிந்துதான் ஆட்டினாரா என்பது எனக்குத் தெரியவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. காலையும் இரவும் போடும் மெட்ஃபார்மின் மாத்திரை அட்டை இன்னும் குளிர்சாதனப் பெட்டியின் மேலேயே கிடக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை. ஆறு வயது மகன் இருக்கிறான். திங்கட்கிழமைக்குள் நான் எதை முதலில் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது என்று அறிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். இரண்டு நாளுக்கு மேல் காவலில் வைத்திருந்தது சரிதானா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1 (நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், ஓய்வு)

அம்மா, பல ஆண்டுகள் நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். கைதானவரை 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்று 1996ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு கூறுகிறது. ஆனால் அந்த 48 மணி நேரம் நீதிமன்றம் நடக்காத வேளையில் முடிந்தால், அடுத்த நீதிமன்ற நாள் முடிவதற்குள் நிறுத்தினால் போதும் என்றும் அதே பிரிவில் இருக்கிறது. வெள்ளி மாலை கைதானவருக்கு அந்தக் கெடு ஞாயிறு மாலை முடிகிறது. ஆகவே திங்கட்கிழமை நிறுத்தியது சட்டப்படி சரியே. ஜாமீன் விசாரணையை ஒரு தடவைக்கு ஏழு நாள் வரை தள்ளிவைக்கவும் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. இதை எதிர்த்து மனத்தையும் நேரத்தையும் செலவழிக்க வேண்டாம். உங்கள் கையில் இருக்கும் ஆறு நாட்களைத் திங்கட்கிழமைக்காகச் செலவிடுங்கள்.

தலையை ஆட்டினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு மனம் பதைத்தது, ஏனென்றால் அப்படித் தலையாட்டிய பலரை நான் பார்த்திருக்கிறேன். மரியாதைக்காக ஆட்டுவார்கள், நீதிமன்றமோ அதை ஒப்புதல் என்று பதிவு செய்துகொள்ளும். தனக்குப் புரியும் மொழியில் விசாரிக்கப்படுவது, அது இயலாவிட்டால் நடப்பதைத் தன் மொழியில் பெயர்த்துச் சொல்லக் கேட்பது, இரண்டும் அவருடைய உரிமை. தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழி இல்லைதான். ஆனாலும் அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்துப் பேண வேண்டிய சமூக மொழிகளின் பட்டியலில் தமிழைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தமிழ் மொழிபெயர்ப்பாளரை உடனே வரவழைக்க நீதிமன்றத்தால் பெரும்பாலும் இயலாது. வெளியிலிருந்து அழைக்க நாள் பிடிக்கும். எனவே நாளைக் காலையே நீதிமன்ற எழுத்தரிடம் போய், வழக்கு எண்ணைச் சொல்லி, தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவை என்று எழுத்தில் கொடுங்கள். திங்கட்கிழமை காலையில் கேட்டால், அதையே காரணமாக வைத்து மறுபடியும் தள்ளிவைத்துவிடுவார்கள்.

எண்கள் இரண்டு உண்டு. காவல் நிலையத்தார் கொடுப்பது காஸ் எண். நீதிமன்றம் கொடுப்பது வழக்கு எண். இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அதைத்தான்.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் லீகல் எய்ட் சவுத் ஆஃப்ரிகாவை நாடுங்கள். கட்டணமில்லா எண் 0800 110 110. வருமானத்தை விசாரித்து, தகுதி இருந்தால் இலவசமாக வழக்கறிஞரைத் தருவார்கள். இலவசம் என்பதால் தரம் குறைவு என்று நம்மவர்கள் நினைப்பது தவறு. நாள்தோறும் அதே நீதிமன்றத்தில் நின்று பழகியவர்கள் அவர்கள்.

இனி ஜாமீன். குற்றச்சாட்டு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் எந்த அட்டவணையில் வருகிறது என்பதே முதல் கேள்வி. திருட்டு, மோசடி போன்றவற்றில் தொகை 5,00,000 ராண்டைத் தாண்டினால் அது 5ஆம் அட்டவணைக்குப் போய்விடும். அப்போது தம்மை விடுவிப்பதே நீதிக்கு உகந்தது என்று காட்டும் சுமை உங்கள் கணவருடையது. ஓர் உணவகக் கல்லாவில் குறைந்த பணம் அந்த அளவுக்குப் போகாது என்றே நினைக்கிறேன்; ஆனாலும் குற்றப்பத்திரிகையைப் பார்த்து வழக்கறிஞர் சொல்லட்டும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் என்றால் நீதிபதியின் மனத்தில் முதலில் எழும் ஐயம், இவர் ஊருக்கு ஓடிவிடுவாரா என்பதுதான். அதற்கு விடை உங்கள் காகிதங்களில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் அல்லது நகராட்சிக் குடிநீர், மின்சாரக் கட்டணச் சீட்டு, மகனின் பள்ளிக் கடிதம், சம்பளச் சீட்டுகள், திருமணச் சான்றிதழ், குடியிருப்பு அனுமதி ஆகியவற்றின் பிரதிகளைத் தொகுத்து வழக்கறிஞரிடம் கொடுங்கள். கடவுச்சீட்டை விசாரணை அதிகாரியிடம் ஒப்படைக்கத் தயார், வாரம் இத்தனை நாள் காவல் நிலையத்தில் கையெழுத்திடத் தயார் என்று நாமே முன்வந்து சொல்வது நல்லது. விசாரணை அதிகாரி முகவரியைச் சரிபார்க்க வீட்டுக்கு வருவார். அப்போது வீடு பூட்டியிருந்தால் ‘முகவரி உறுதியாகவில்லை’ என்று நீதிமன்றத்தில் சொல்லிவிடுவார். ஞாயிறு வரை யாராவது ஒருவர் வீட்டில் இருங்கள். திங்கட்கிழமை நீங்களும் தவறாமல் நீதிமன்றத்தில் உட்காருங்கள். மனைவி இங்கே இருக்கிறார் என்று வழக்கறிஞர் கைகாட்டும்போது நீங்கள் எழுந்து நிற்பதற்கு எந்தக் காகிதமும் ஈடாகாது.

பதில் 2 (ஃபீனிக்ஸ் அம்மா)

தங்கைக்கு, என் மகன் பதினான்கு மாதம் விசாரணைக் கைதியாக இருந்தான். கடைசியில் வழக்கு தள்ளுபடியாகி வீட்டுக்கு வந்தான். சட்டம் பற்றி ஐயா எழுதிவிட்டார். நான் வாசலைப் பற்றி எழுதுகிறேன்.

முதல் முறை போனபோது நான்கு அடுக்குத் தூக்குச் சட்டியில் இடியாப்பமும் சொதியும் எடுத்துப் போனேன். வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு டாக்சி மாறி வந்த களைப்போடு, டாக்சி நிற்குமிடத்தில் அந்தச் சூடு ஆறாத சட்டியை மடியில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது. சமைத்த உணவை எடுத்துப் போகாதீர்கள். அவருடைய கணக்கில் பணம் கட்டினால், உள்ளே இருக்கும் கடையில் சோப்பு, பற்பசை, ரொட்டி போன்றவற்றை அவரே வாங்கிக்கொள்வார். கட்டும் பணத்துக்கு ரசீது கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெரிய தொகையாகக் கட்டுவதை விட அவ்வப்போது சிறு தொகையாகக் கட்டுவதே பாதுகாப்பு. கையில் வசதி இருக்கிறது என்று உள்ளே தெரிந்தால் அவரைத் தொந்தரவு செய்வார்கள்.

வெஸ்ட்வில் ஒரே கட்டடம் இல்லை. விசாரணைக் கைதிகளை மீடியம் ஏ என்ற பகுதியில் வைக்கிறார்கள். தண்டனை பெற்றவர்கள் வேறு பகுதியில் இருக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து, அவர் எந்தப் பகுதியில் இருக்கிறார், பார்க்கும் நாளும் நேரமும் எவை என்று கேளுங்கள். உங்கள் அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டின் அசல் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். மகனை அழைத்துப் போவதானால் அவனுடைய பிறப்புச் சான்றிதழும் வேண்டும். கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மாதத்துக்குக் குறைந்தது ஒரு மணி நேரச் சந்திப்பாவது கைதிக்குக் கிடைக்க வேண்டும் என்று 1998ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம் சொல்கிறது. அது கீழ் எல்லைதான், நடைமுறையில் அதற்கு மேலும் கிடைக்கும்.

அவரை மஞ்சள் உடையில் பார்த்து மனம் உடைந்துவிடாதீர்கள். மஞ்சள் என்றால் விசாரணை முடியாதவர் என்று பொருள், தண்டனை பெற்றவர்களுக்குத்தான் ஆரஞ்சு. இந்த வேறுபாட்டை உங்கள் மகனுக்கும் சொல்லிக் கொடுங்கள். என் பேரனுக்கு நான் சொல்லாமல் விட்டேன், பள்ளியில் பிள்ளைகள் சொன்னதைக் கேட்டு அழுதுகொண்டு வந்தான்.

சந்திக்கும்போது வழக்கைப் பற்றிப் பேச வேண்டாம். யார் எடுத்தார்கள், எவ்வளவு என்ற பேச்சுக்கே போகாதீர்கள். பக்கத்தில் இருப்பவர் காதில் விழும். அதை வழக்கறிஞரிடம் மட்டும் பேசட்டும். நீங்கள் வீட்டைப் பற்றிப் பேசுங்கள்.

இன்னொன்று. விசாரணை அதிகாரி பேசுகிறேன் என்று ஒருவர் எனக்குத் தொலைபேசியில் சொல்லி, 3,000 ராண்டு கைப்பேசி வழியாக அனுப்பினால் மறுநாளே மகன் வெளியே வருவான் என்றார். மகனின் பெயரும் வழக்கு எண்ணும் அவருக்குத் தெரிந்திருந்தது. நான் நம்பி அனுப்பினேன். பணமும் போயிற்று, அந்த எண்ணும் அணைந்துபோயிற்று. வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகு, நீதிமன்றம் தொகையைத் தீர்மானிக்கும் முன் ஜாமீன் பணம் என்று எவரும் கேட்க முடியாது. கேட்டால் அது ஏமாற்று அல்லது லஞ்சம். ஜாமீன் பணத்தை நீதிமன்றக் காசாளரிடமோ சிறையிலோதான் கட்ட வேண்டும், கட்டிய உடனே ரசீது தருவார்கள். வழக்கு முடிந்ததும் பணம் திரும்பி வர அந்த ரசீதுதான் ஆதாரம். நான் அதை மாரியம்மன் படத்துக்குப் பின்னால் வைத்துப் பதினான்கு மாதம் காத்தேன்.

பதில் 3 (சிறைக்குச் சமயப் பணிக்குச் செல்பவர்)

சகோதரி, மாத்திரை பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அது திங்கட்கிழமை வரை காத்திருக்கக் கூடாது.

வீட்டு மாத்திரை அட்டையை வாசலில் கொடுத்தால் அது அவர் கைக்குப் போய்ச் சேரும் என்று எதிர்பார்க்காதீர்கள். அவருக்கு மருத்துவம் பார்த்த மருத்துவரிடமோ கிளினிக்கிலோ, நோயின் பெயர், மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று எழுதிய கடிதம் வாங்குங்கள். கிளினிக் அட்டையின் பிரதியையும் சேர்த்துச் சிறை மருத்துவப் பிரிவுச் செவிலியருக்கு என்று முகவரியிட்டுக் கொடுங்கள். உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் உடற்பரிசோதனை செய்ய வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஆங்கிலம் தடுமாறுபவர் ‘நலமா’ என்ற கேள்விக்கும் தலையாட்டியிருப்பார். விரும்பினால் சொந்தச் செலவில் தம் மருத்துவரை வரவழைத்துப் பரிசோதித்துக்கொள்ளவும் அவருக்கு உரிமை உண்டு.

இரண்டு நாளில் மருந்து கிடைக்கவில்லை என்றால், முதலில் சிறைத் தலைவரிடம் எழுத்தில் முறையிடுங்கள். சிறைகளுக்கென்று சுயேச்சைப் பார்வையாளர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சிறைத் துறையின் ஊழியர்கள் அல்லர், நீதித்துறைசார் சிறைக் கண்காணிப்பு அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள். கைதியே அவர்களிடம் நேரில் முறையிடலாம், குடும்பத்தாரும் அந்த அலுவலகத்துக்கு எழுதலாம். மரக்கறி மட்டும் உண்பவராக இருந்தால் அதையும் செவிலியரிடமே சொல்லச் சொல்லுங்கள். இயன்றவரை சமய வழக்கத்துக்கேற்ற உணவு தர வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது.

அவர் இந்தியக் குடிமகன் என்றால், டர்பனில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்துக்கும் தெரிவிக்கலாம். 1963ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தப்படி தூதரக அதிகாரிகள் அவரைச் சிறையில் சந்திக்கலாம். வழக்கறிஞர் செலவை அவர்கள் ஏற்பார்கள் என்று எண்ணிப் போக வேண்டாம். ஆனால் மொழி தெரிந்த ஒருவர் விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்பது உள்ளே தெரிவது நல்லது.

கேட்டவர்

ஐயாவுக்கும் அக்காவுக்கும் சகோதரருக்கும் நன்றி. இன்று கிளினிக்கில் கடிதம் வாங்கிச் செவிலியரிடம் கொடுத்துவிட்டேன். நீதிமன்ற எழுத்தர் மொழிபெயர்ப்பாளர் கோரிக்கையை வாங்கிக்கொண்டு, என் பிரதியில் முத்திரை குத்திக் கொடுத்தார். இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. நீதிபதி எங்களால் கட்ட முடியாத தொகையைச் சொன்னால் என்ன செய்வது? வெளியே வந்த பிறகு, புகார் கொடுத்த முதலாளியை அவர் நேரில் சந்தித்துச் சமாதானம் பேசலாமா? அவர் நல்ல மனிதர், பேசினால் கேட்பார் என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.

பதில் 1 (நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர், ஓய்வு)

தொகையைப் பற்றி: உங்களால் உண்மையில் எவ்வளவு கட்ட முடியும் என்பதை இப்போதே கணக்கிட்டு வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். கூச்சத்தினால் கூட்டிச் சொல்ல வேண்டாம். நீதிபதி அந்த எண்ணை வைத்தே யோசிப்பார். அதற்கு மேல் விதித்துவிட்டால், தொகையைக் குறைக்கும்படி அதே நீதிமன்றத்தில் மனுச் செய்யக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் வழி உண்டு. ஜாமீனே மறுக்கப்பட்டால் உயர்நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்யலாம்.

முதலாளியைப் பற்றி: கூடவே கூடாது, அம்மா. புகார்தாரரையும் சாட்சிகளையும் அணுகக் கூடாது என்பது ஜாமீனில் வழக்கமாக விதிக்கும் நிபந்தனை. நல்லெண்ணத்தோடு வீடு தேடிப் போய்க் கைகூப்பி நின்றவரின் ஜாமீன் அன்று மாலையே ரத்தானதை நான் நீதிமன்றத்தில் நின்று மொழிபெயர்த்திருக்கிறேன். நீங்களும் போகாதீர்கள், உறவினரையும் அனுப்பாதீர்கள். சமாதானம் பேச வேண்டுமானால் அதை வழக்கறிஞர் அரசுத் தரப்பிடம் பேசுவார்.

ஜாமீன் கிடைத்த பிறகு எந்த விசாரணை நாளையும் தவறவிடக் கூடாது. நோய், விபத்து என்று உண்மையான காரணத்தால் தவறினால், பிடியாணை வந்த 14 நாளுக்குள் நீதிமன்றத்துக்குச் சென்று காரணத்தை மெய்ப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டிய பணம் அரசுக்குப் போய்விடும். அவருடைய வேலை அனுமதி எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் இன்றே பார்த்து, திங்கட்கிழமைக்கு முன் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள். அந்தத் தேதி அருகில் இருந்தால் அரசுத் தரப்பு அதைத்தான் முதலில் எடுக்கும்.

கேட்டவர்

பார்த்துவிட்டேன் ஐயா, அனுமதி முடிய இன்னும் பதினொரு மாதம் இருக்கிறது. அதன் பிரதியைத் தொகுப்பின் மேல் வைத்திருக்கிறேன். ஞாயிறு வரை வீட்டில் என் அத்தை இருப்பார். நாளைக் காலை மீடியம் ஏ-க்குப் போகிறேன். கையில் கடவுச்சீட்டும் மகனின் பிறப்புச் சான்றிதழும் மட்டும்தான்.